பட்டம் பெறாத கைகள்

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணித் திருப்பலிக்குச் சைக்கிள் சாமியார் வரவில்லை. எங்கேயும் சைக்கிளிலேயே போய்வரும் பங்குத்தந்தை; ஒன்பது வருடத்தில் ஒருநாளும் ஐந்து நிமிடம்கூடத் தாமதிக்காத மனிதர். அவருக்குப் பதிலாகப் பீடத்தின் முன்னால் வந்து நின்றவர் உயரமான, தலை முழுக்க நரைத்த வேறொரு குரு. ஆயர் இல்லத்திலிருந்து வருவதாகச் சொல்லிக்கொண்டார். கையில் மடித்த தாள் ஒன்று இருந்தது.

"எல்லாரும் உக்காருங்க," என்றார்.

மூன்றாவது பெஞ்சில் தூணோரமாக ஹெட் நர்ஸும் உட்கார்ந்தாள். ஊர் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் இருபத்தெட்டு வருடமாக வேலை பார்ப்பவள். பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போய்விட்டது. பால்காரர் முதல் டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் ஹெட் நர்ஸம்மாதான். சாமியாருக்கு உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது, திருப்பலி முடிந்ததும் போய்ப் பார்த்து ரத்த அழுத்தம் எடுக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

நரைத்த குரு தாளைப் பிரித்து வாசித்தார்.

"ஒன்பது ஆண்டுகளாக உங்கள் பங்குத்தந்தையாக இருந்தவர் குருப்பட்டம் பெற்றவர் அல்லர். அவர் எங்களிடம் காட்டிய சான்றுகள் பொய்யானவை. அதைக் கண்டுபிடிக்கத் தவறியது எங்கள் குற்றம்."

யாரோ சிரித்தார்கள். வேடிக்கை என்று நினைத்திருப்பார்கள். பிறகு அந்தச் சிரிப்பும் நின்றது. தலைக்குமேலே மின்விசிறி 'கிரக், கிரக்' என்று சுற்றுவதுதான் கேட்டது.

குரு தாளை மடித்துவிட்டுச் சொந்த வார்த்தையில் பேச ஆரம்பித்தார். "குழந்தைங்களுக்கு அவர் குடுத்த ஞானஸ்நானம் செல்லும். அவசரத்துக்கு யார் குடுத்தாலும் அது செல்லும். கல்யாணத்தைப் பத்தியும் யாரும் பயப்படாதீங்க. தேவையானதை ஆயர் செஞ்சு குடுத்துடுவாரு."

"அந்த ஒரு வழியும் அடைச்சாச்சா," என்று பின்னால் ஒருவர் முனகினார். அவர் மனைவி தொடையில் கிள்ளிய கிள்ளில் "ஆ" என்றார். வேறொரு நாளாயிருந்தால் கோயிலே சிரித்திருக்கும்.

"ஆனா திருப்பலி, பாவசங்கீர்த்தனம், நோயில்பூசுதல், இந்த மூணும் பட்டம் வாங்கின குருவால மட்டும்தான் முடியும். இந்த ஒன்பது வருஷத்துல அது..." அவர் மடித்த தாளை இன்னொரு மடிப்பு மடித்தார். "அது நடக்கல."

நடக்கல. ஹெட் நர்ஸ் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தாள். வார்டில் ஒருவருக்கு மூச்சு இறங்கத் தொடங்கினால், அவர் கத்தோலிக்கர் என்றால், டாக்டருக்கு அடுத்து அவள் போன் போடுவது சைக்கிள் சாமியாருக்குத்தான். கொட்டும் மழையில் முழங்கால்வரை சேற்றோடு வந்து நிற்பார். தலையிலும் கையிலும் எண்ணெய் பூசுவார். அவர் போனபிறகு வார்டுப் பதிவேட்டின் ஓரத்தில், அந்த நோயாளியின் பெயருக்கு நேரே, அவள் சிவப்பு மையால் ஒரு சின்னச் சிலுவை போட்டுவைப்பாள். அப்படி நாற்பத்தொரு சிலுவைகள். கூப்பிட்டது எல்லாம் அவள். அத்தனை பேரும் அவள் பேச்சை நம்பித்தான் கண்ணை மூடினார்கள்.

அந்த நாற்பத்தொன்றில் ஒன்று அவளுடைய வீட்டுக்காரர்.

எழுந்து போகவேண்டும்போல் இருந்தது. நரைத்த குரு திருப்பலியைத் தொடங்கி, அப்பத்தை உயர்த்தியபோது எல்லோரும் வழக்கம்போல் மண்டியிட்டார்கள். அவள் மட்டும் உட்கார்ந்தபடியே இருந்தாள்.

*

வீட்டுக்காரர் பேக்கரி வேன் ஓட்டியவர். கலகலப்பான ஆள். கோயில் பாட்டுக்குழுவில் அவர் குரல்தான் கூரையைத் தொடும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் திடீரென்று எல்லாம் நின்றுபோனது. பாட்டுக்குப் போகமாட்டார். நற்கருணை அப்பம் வாங்க எழமாட்டார். அவளைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு வெளியே வேனிலேயே உட்கார்ந்திருப்பார். காரணம் கேட்டால், "விடு, எனக்கும் அவருக்கும் ஒத்துவரல," என்பார். அப்போதிருந்த பழைய பங்குத்தந்தையோடு ஏதோ மனத்தாங்கல் என்றே அவள் நினைத்துக்கொண்டாள். சாமியார் மாறிய பிறகும் அவர் மாறவில்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால் நுரையீரல் புற்றுநோயோடு அவள் வார்டிலேயே வந்து படுத்தார். கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம், "அந்தச் சைக்கிள்காரரைக் கூப்பிடு," என்றார். சாமியார் வந்தார். திரை இழுக்கப்பட்டது. ஒன்றரை மணிநேரம். வெளியே வந்த சாமியாரின் முகம் காய்ச்சல்காரர் முகம்போல் இருந்தது. உள்ளே வீட்டுக்காரர் வாயைத் திறந்தபடி, குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். எட்டு வருடத்தில் அவர் அப்படித் தூங்கி அவள் பார்த்ததில்லை. இரண்டாம் நாள் போய்விட்டார்.

அந்தத் தூக்கத்தை நினைத்துத்தான் அவள் நான்கு வருடத்தைத் தள்ளியிருந்தாள். இப்போது அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமைக்குள் ஊர் வாய் திறந்துகொண்டது. குருமடத்தில் அவரோடு படித்த ஒருவர் எதேச்சையாக இந்த வழியாக வந்து அடையாளம் கண்டுகொண்டாராம். கடைசி வருடத்தில் வெளியே அனுப்பப்பட்ட ஆளாம். விசாரணை முடியும்வரை பங்கு இல்லத்தின் பின்னறையில் இருக்கச் சொல்லியிருக்கிறார்களாம். வெள்ளிக்கிழமை போலீசில் ஒப்படைப்பார்களாம்.

"இது மட்டுமா?" என்றார் ஆஸ்பத்திரியின் மருந்தாளுநர், மாத்திரையை எண்ணிக்கொண்டே. பங்குப் பேரவையில் செயலாளர் அவர்தான். "ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு தையற்காரம்மா வீடு. சனிக்கிழமை தவறாம அங்க சைக்கிள் நிக்கும். அங்க ஒரு பொண்ணு வேற நடக்கமுடியாம கிடக்கு. யார் பொண்ணுன்னு நினைக்கிறீங்க? நான் வாயைத் திறக்கலம்மா. வெள்ளிக்கிழமை விசாரணையில திறப்பேன்."

*

அன்று சாயங்காலம் டியூட்டி முடிந்த கையோடு, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், அவள் பங்கு இல்லத்தின் பின்னறைக்குப் போனாள். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அங்கி இல்லை. சாயம் போன சட்டையில் யாரோ ஒரு கணக்கு வாத்தியார் மாதிரி இருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து சுவரோரமாகப் போய் நின்றார்.

"உண்மையா?" என்றாள்.

"உண்மைதாம்மா."

"ஏன்?"

"குருமடத்துல கூடப் படிச்சவனைக் கோவத்துல அடிச்சுட்டேன். அவனுக்கு ஒரு காது போச்சு. பட்டம் கிடையாதுன்னு அனுப்பிட்டாங்க. சரியாத்தான் செஞ்சாங்க. எனக்கு அதை ஏத்துக்க முடியல. மூணு வருஷம் ஊர் ஊரா அலைஞ்சேன். அப்புறம் ஒரு கடிதத்தை நானே எழுதினேன். ஒரு மாசம், ரெண்டு மாசம்னு நினைச்சேன். அப்புறம் நீங்க எல்லாம் என்னைக் கூப்பிட ஆரம்பிச்சுட்டீங்க."

"பழியை எங்கமேல போடாதீங்க."

"இல்லம்மா. போடல."

"ஒவ்வொரு நாளும் அப்பத்தைத் தூக்கினீங்களே. அப்ப என்ன நினைச்சீங்க?"

"இது வெறும் ரொட்டின்னு இந்தக் கோயில்லயே தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான்னு நினைப்பேன்," என்றார். அந்தக் குரலில் அழுகை இல்லை. அதுதான் அவளை இன்னும் உலுக்கியது.

அவள் கேட்க வந்த கேள்வி வேறு. "என் வீட்டுக்காரர் உங்ககிட்ட ஒன்றரை மணிநேரம் பேசினாரு. என்ன சொன்னாரு?"

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"சொல்லுங்க. சாமியாருக்குத்தான் பாவசங்கீர்த்தன ரகசியம். நீங்கதான் சாமியாரே இல்லையே. உங்களை எது கட்டிப்போட்டிருக்கு?"

"கேக்காதீங்கம்மா."

அவள் அறைந்தாள். குடித்துவிட்டுக் காறித் துப்பிய நோயாளிகளைக்கூடத் தொட்டு அடித்ததில்லை அவள். சத்தம் அறைக்குள் நின்றது. அவர் கன்னத்தைத் தடவிக்கொள்ளவும் இல்லை.

"நான் சாமியார் இல்லன்னு எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அவர் கடவுள்கிட்டதான் சொன்னாரு. நடுவுல திருட்டுத்தனமா நின்னவன் நான். திருடினது போதாதுன்னு அதை விக்கவும் சொல்றீங்களா?"

"அந்தத் தையற்காரி வீடு?"

அவர் முகம் வெளிறியது. அவளுக்கு அது போதுமாக இருந்தது. மருந்தாளுநர் சொன்னது அத்தனையும் நிஜம் என்று முடிவு கட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

*

புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு ரயில்பாதையைத் தாண்டிப் போனாள். வெள்ளிக்கிழமை விசாரணையில் அவளையும் கேட்பார்கள். காதால் கேட்டதைச் சொல்வதைவிடக் கண்ணால் பார்த்ததைச் சொல்லலாமே என்ற வைராக்கியம்.

முன்னறையிலேயே தையல் மெஷின். வெட்டிய துணிகள் குவிந்து கிடந்தன. தையற்காரி வாயில் குண்டூசியைக் கடித்தபடி, "அளவு எடுக்கணுமா?" என்றாள். உள்ளே ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் ஒரு பெண், பத்தொன்பது வயது இருக்கும், பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றேன். சைக்கிள் சாமியாரைப் பத்தி..."

"அவருக்கு என்ன ஆச்சு?" என்று அந்தப் பெண் கேட்டாள். "போன சனிக்கிழமை வரல. நான் ரெண்டு வாரத்துக்கான திட்டைச் சேத்துவச்சிருக்கேன்."

"திட்டா?"

"ஆமா. அவரை நான் திட்டுவேன். அதுக்குத்தான் வர்றாரு."

தையற்காரி குண்டூசிகளை எடுத்து மேசையில் வைத்தாள். "உக்காருங்கம்மா. அது ஒரு கதை. இவளுக்கு அப்ப ஏழு வயசு. காலையில ஆறு மணி, பனின்னா அப்படி ஒரு பனி. பஸ்ஸுக்குப் போய்க்கிட்டிருந்தோம். ஒரு பேக்கரி வேன் வந்து இவளைத் தூக்கி வீசிட்டு, நிக்காமப் போயிடுச்சு. பின்கதவு திறந்து ஒரு தட்டு ரொட்டி அப்படியே ரோட்டுல கொட்டினதுதான் எனக்குத் தெரியும். இவ பக்கத்துல எல்லாம் ரொட்டி. அந்த வழியா நாலு பேக்கரி வேன் போகும். நாலு பேரும் எங்களது இல்லன்னுட்டாங்க."

தையற்காரி மகள் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"நாலு வருஷத்துக்கு முன்னால, ஜூன் பத்தாம் தேதி, இவ பொறந்தநாள் அன்னிக்கு, சாமியார் வந்து வாசல்ல நின்னாரு. நாங்க அவர் கோயிலே கிடையாது. 'அந்த வேனை ஓட்டினவர் செத்துப்போயிட்டாரு. உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கச் சொன்னாரு. யாருன்னு சொல்லமாட்டேன்'னு சொன்னாரு. நான் துடைப்பத்தால அடிச்சு விரட்டினேன். அடுத்த சனிக்கிழமையும் வந்தாரு."

"ஆளைச் சொல்லுங்கன்னேன்," என்றாள் மகள். "திட்டணும்னா என்னைத் திட்டு, அவர் இடத்துல என்னை வச்சுக்கோன்னாரு. சரின்னு ஆரம்பிச்சேன். முதல் ஒரு வருஷம் விடாமத் திட்டினேன். நான் பாட்டுக்குத் திட்டுவேன், அவர் பாட்டுக்கு ஜன்னல் துடைப்பாரு. முதுகுல புண்ணு வந்தப்ப, எப்படித் திருப்பிப் படுக்கவைக்கணும், எப்படித் தலையணை வைக்கணும்னு அம்மாவுக்குச் சொல்லிக்குடுத்தாரு. ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸம்மாகிட்டக் கத்துக்கிட்டாராம்."

எதிரே உட்கார்ந்திருந்த அந்த நர்ஸம்மாவின் மனம் ஜூன் பத்தாம் தேதியிலேயே நின்றுவிட்டிருந்தது. ஜூன் ஒன்பதாம் தேதிதான் வீட்டுக்காரரை அடக்கம் செய்தார்கள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை கண்முன் வந்து நின்றது. பதினொரு மணிக்கு வரும் மனிதர் ஏழரைக்கே வீட்டுக்கு வந்தார். நாய் குறுக்கே வந்தது, விளக்கு உடைந்துவிட்டது, வேனை மெக்கானிக்கிடம் விட்டிருக்கிறேன் என்றார். குளியலறைக்குள் போனவர் வெகுநேரம் வரவில்லை. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. "நாய்க்கு அடி பலமா?" என்று அவள் வெளியிலிருந்து கேட்டாள். அதற்கு அவர் பதிலே சொல்லவில்லை. அந்த வாரத்திலிருந்துதான் அவர் நற்கருணை வாங்க எழவில்லை.

அவள் எழுந்து தெருவுக்கு வந்து நின்றாள். அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம். யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் வெள்ளிக்கிழமை ஜெயிலுக்குப் போனாலும் வாயைத் திறக்கமாட்டார். அது அவள் கையாலேயே சோதித்துப் பார்த்த விஷயம்.

திரும்பி உள்ளே போனாள்.

"அந்த வேனை ஓட்டினது என் வீட்டுக்காரர்," என்றாள். "எனக்கு இப்பத்தான் தெரியும். அந்த நர்ஸும் நான்தான்."

பொத்தான் ஒன்று தரையில் உருண்டது. மகள் அவளையே வெறித்துப் பார்த்தாள். நான்கு வருடம் திட்டிய வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. தையற்காரிதான் "போயிடுங்கம்மா," என்றாள். "இப்பப் போயிடுங்க."

*

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பங்கு இல்லத்து நீளமான மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். நரைத்த குரு நடுவில். சைக்கிள் சாமியார் உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். பொய்க் கடிதம், பொய் முத்திரை எல்லாவற்றையும் கேட்கக் கேட்க ஒத்துக்கொண்டார். பிறகு மருந்தாளுநர் எழுந்து தையற்காரி வீட்டைப் பற்றிச் சொன்னார்.

"அந்தப் பொண்ணு உங்களுக்கு யாரு?" என்று நரைத்த குரு கேட்டார்.

ஓரத்தில் விசாரணையை எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார்.

"பேசாம இருந்தா ஒத்துக்கிட்டதாத்தான் எழுதவேண்டியிருக்கும்."

"எழுதிக்கங்க," என்றார் அவர்.

ஹெட் நர்ஸ் எழுந்தாள். முந்தின நாள் போனில் வெளியூரிலிருக்கும் தன் மகளிடம் விஷயத்தைச் சொன்னபோது, "அப்பாவைத் தெருவுல இழுத்துப் போடப்போறியாம்மா? செத்த மனுஷனை?" என்று அவள் வீறிட்டு அழுதது காதில் இருந்தது. அவர் பாடிய பாட்டை ஊர் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. இந்த நிமிடத்தோடு அது போய்விடும்.

"வேண்டாம்மா," என்றார் சைக்கிள் சாமியார். முதல்முறையாக அவர் குரல் உடைந்தது. "உக்காருங்க. வேண்டாம்."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் அவள், வார்டில் சொல்வதுபோல. அப்புறம் வேன், பனி, ரொட்டி, குளியலறைத் தண்ணீர், ஜூன் பத்தாம் தேதி என்று ஒன்று விடாமல் சொன்னாள். மருந்தாளுநர் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்தார். சொல்லி முடித்ததும் மேசைமேல் இருந்த யாருடைய தண்ணீரையோ எடுத்துக் குடித்தாள்.

"எனக்கு ஒண்ணு தெரியணும் சாமி," என்று நரைத்த குருவைப் பார்த்துக் கேட்டாள். "அவர் அன்னிக்கு வாங்கின மன்னிப்பு செல்லுமா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இவர் குடுத்தது செல்லாது. ஆறுதலுக்காக நான் பொய் சொல்லமாட்டேன். பொய்யால வந்த வினையைத்தான் இங்க உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கோம். ஆனா உங்க வீட்டுக்காரர் மனசு உடைஞ்சு அழுதது கடவுள் காதுல விழாமப் போயிருக்கும்னு நான் நம்பல. சாமியார் கிடைக்காம செத்துப்போனவன் கடவுள் கைக்கு எட்டாம போயிடறதில்ல."

"அப்ப சாமியார் எதுக்கு?"

குரு தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழைய காலத்துல பலி குடுக்கிற குரு நின்னுக்கிட்டிருப்பாரு, ஆடு சாகும். இயேசு வந்து, குடுக்கிறவனும் நானே, சாகிறவனும் நானேன்னுட்டாரு. அந்த ஒரு பலிதான். வேற பலி கிடையாது. அதை உங்க முன்னால வைக்கிறதுக்கு அவர் ஒரு கையைக் கேட்டு வாங்கிக்கிறாரு. கேட்டு வாங்கினாத்தான் அது பட்டம். யாரும் கேக்காமலே இவர் கையை நீட்டினாரு. அது பெரிய குத்தம், அதுக்கு நான் சப்பைக்கட்டு கட்டமாட்டேன்." அவர் நின்றுகொண்டிருந்தவரை நிமிர்ந்து பார்த்தார். "எனக்குப் பட்டம் குடுத்து முப்பத்திரெண்டு வருஷம் ஆச்சு. இன்னொருத்தன் செஞ்ச பாவத்துக்காக நான் ஒரு சனிக்கிழமைகூட யார்கிட்டயும் திட்டு வாங்கினதில்ல."

அதன்பிறகு கேட்க ஒன்றும் இல்லை. எழுதியவர் பேனாவை மூடினார். பன்னிரண்டு மணிக்குப் போலீஸ் ஜீப் வந்தது. சைக்கிள் சாமியார் யாரையும் பார்க்காமல் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்தார்.

அவர் வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. எட்டு மாதம் தண்டனை. முடிந்து வெளியே வந்தவர், தூரத்தில் எங்கோ படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்வி. அங்கே யாராவது அவரைச் சாமி என்று கூப்பிட்டால் நான் சாமி இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்ப்பாராம். ஹெட் நர்ஸ் அவரை மன்னித்தாளா என்றால், அதை அவளாலேயே சொல்லமுடியவில்லை. சில நாள் மன்னித்திருப்பாள். வார்டில் யாருக்காவது மூச்சு இறங்கும் நாளில் அது இருக்காது.

ஹெட் நர்ஸின் மகள் இரண்டு மாதம் போன் எடுக்கவில்லை. அவள் தேடிப்போன மூன்றுமுறையும் தையற்காரி கதவைத் திறக்கவில்லை. நான்காம்முறை தையற்காரியின் மகள்தான் உள்ளிருந்து, "திறந்துவிடும்மா, புண்ணு மறுபடி வந்திருக்கு, அவங்களுக்குத்தான் தெரியும்," என்று குரல் கொடுத்தாள். ஹெட் நர்ஸ் போய்ச் சுத்தம் செய்து கட்டுப் போட்டாள். அன்று மூவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

நரைத்த குருவே பங்குத்தந்தையாகத் தங்கிவிட்டார். ஒருநாள் அவள் வார்டுப் பதிவேட்டைப் பார்த்து நாற்பத்தொரு பெயரையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்தாள். "இவங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது. நம்பிக்கிட்டே போயிட்டாங்க." அவர் வாங்கிப் படித்தார். அடுத்த ஞாயிறு அத்தனை பேருக்காகவும் திருப்பலி வைத்தார். பெயர்களை ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் வாசித்தார். குழந்தைகள் நெளிந்தார்கள். மருந்தாளுநர் தலைகுனிந்து நின்றார். வேன் ஓட்டியவரின் பெயர் வந்தபோது சிலர் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குரு அப்பத்தை உயர்த்தியபோது அவள் மண்டியிட்டாள். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் எழுந்த பிறகும் அப்படியே இருந்தாள்.